முதல் பட்டதாரி

வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. பார்த்து, தாலுகா ஆபீஸிலிருந்து வரும். 2010-11 கல்வியாண்டில் தமிழக அரசு கொண்டுவந்த கட்டணச் சலுகைக்கான காகிதம். வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. வரப்புத் தகராறு மாதிரி தம்பி அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

பொறியியல் கல்லூரி வாத்தியாரான எனக்கு முதல் பட்டதாரியை அடையாளம் காணச் சான்றிதழ் தேவையில்லை. "புரிஞ்சுதாப்பா?" என்றால் முதலில் தலையாட்டுகிறவன் அவன்தான். புரிந்ததால் அல்ல. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேட்டால் அவன் வீட்டில் அதற்குப் பெயர் சந்தேகம் இல்லை, வாய்க்கொழுப்பு.

குரூப் டிஸ்கஷனில் மற்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்த, இவன் மட்டும் 'அவர் முடிக்கட்டும்' என்று காத்திருப்பான். மணி அடித்துவிடும். 'பேசவில்லை' என்று நாங்களும் எழுதிவிடுவோம். அதே ஆளை ஹாஸ்டல் மெஸ் கணக்குத் தகராறில் பார்க்க வேண்டும். தோளில் துண்டு ஒன்றுதான் குறை. யார் எத்தனை நாள் ஊருக்குப் போனான், யார் பெயரில் எத்தனை முட்டை ஏறியிருக்கிறது என்று நோட்டுப் பார்க்காமல் சொல்லித் தீர்ப்பு வழங்குவான். சமையல்காரம்மா அவனுக்கு அக்கா, வாட்ச்மேன் மாமா. துறைத்தலைவரை மட்டும் எந்த முறையில் சேர்ப்பது என்று தெரியாததால், அவர் எதிரே வந்தால் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான்.

லீவுக்கு ஊருக்குப் போனால் திண்ணையில் ஓடாத மிக்ஸி, கோடு விழுகிற டி.வி. எல்லாம் வரிசையில் காத்திருக்கும். "நான் படிக்கிறது இது இல்ல பெரியம்மா." "அப்ப நாலு வருசமா என்னதான்டா சொல்லித் தாராங்க?" பெரியம்மாவுக்கு என்னிடமும் பதில் இல்லை.

போன செமஸ்டர் வைவாவில், ஒரே கம்பியில் பல பேருடைய தகவலை நேரம் பிரித்து அனுப்பும் டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் பற்றி ஆங்கிலத்தில் கேட்டேன். தொண்டையைச் செருமினான். தமிழில் சொல்லச் சொன்னேன்.

"எங்க கண்மாய்ல முறைத் தண்ணி மாதிரி சார். வாய்க்கா ஒண்ணு, வயலு பல பேருது. ஆளுக்கு இவ்வளவு நேரம்னு நீர்ப்பாய்ச்சி மடையை மாத்தி மாத்தி விடுவாரு. அவரவர் நேரத்துல வாய்க்கா முழுசும் அவரவருக்கு."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீர்ப்பாய்ச்சி அசந்து தூங்கிட்டா?"

"வெட்டுக்குத்து சார்."

புத்தகத்தில் இதை ஒத்திசைவு இழப்பு என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

முழு மார்க் போடலாம் என்றேன். வழக்கமில்லை என்று தேர்வாளர் ஒன்றைக் குறைத்தார். கதவு வரை போனவன் திரும்பி வந்து, "பாஸா சார்?" என்றான்.

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.