கெழங்குக்குப் பாயிண்ட் பாக்குற மாப்ளைக்கு

வா மாப்ள, திண்ணையில ஒக்காரு. டீக்கடையில உன் பொண்டாட்டியப் பத்தி என்னமோ சொன்னியாமே? "ரத்த டெஸ்ட்டுல இ.எஸ்.ஆர். கொறஞ்சு போச்சு, வெரல் வீக்கமும் வடிஞ்சிருச்சு, இன்னும் அசதி அசதின்னு படுத்துக்கிறா, எல்லாம் சாக்கு"ன்னு. பெரியாஸ்பத்திரி டாக்டரு இத்தன வருசம் படிச்சும் சொல்லாத தீர்ப்ப நீ ஒரு டீயில சொல்லிப்புட்ட. கெட்டிக்காரன்தான் போ.

குச்சிக்கெழங்கு லோடு ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போறியே, மாவுச்சத்து 28 பாயிண்ட் வரும்னு நெனச்சுப் போன கெழங்குக்கு அவன் 24ன்னு எழுதித் தர்றான். முணுமுணுத்துக்கிட்டே சீட்ட வாங்கி ஜோப்புல சொருகிக்கிட்டு வர்ற. அவன் போட்ட பாயிண்ட்டுக்குத் தலையாட்டுற. பொண்டாட்டி சொல்ற பாயிண்ட்டுக்கு மட்டும் சாட்சி கேக்குற. கெழங்குக்கு வாயில்ல, மிசின் வெச்சுப் பாக்கறாங்க. அவளுக்கு வாய் இருக்குதே!

அவளுக்கு வந்திருக்கிற சரவாங்கின்னா வெரலோட நிக்கிற சமாச்சாரம்னு நெனச்சுக்கிட்ட. ஒடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே மூட்டத் தாக்குற சீக்கு அது. அப்ப ஊறுற சரக்கு ரத்தத்தோட ஒடம்பு பூரா சுத்துது. அதுல ரத்தசோகையும் வரும், வலியில தூக்கமும் கெடும், மனசும் ஒடியும். இதெல்லாம் சேந்ததுதான் அந்த அசதி. டாக்டருங்க 28 மூட்டத் தொட்டு, இ.எஸ்.ஆரையும் சேத்து ஒரு மார்க்குப் போடறாங்க. அந்த மார்க்குல அசதிக்குன்னு தனியா ஒரு கட்டம் கெடையாது. அப்பறம் ரிப்போர்ட்டுல எப்பிடி வரும்? ரசீதுல எழுதாத கடன் மாதிரி, குடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நர்ஸ் படிக்கிற என் பேத்தி ராத்திரியில படிச்சுக் காட்டும். இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊரு. அங்க சாரா ஹியூலெட்டுன்னு ஒரு அம்மா, அவங்களும் நர்ஸ் வழியில வந்தவங்கதான். 15 சீக்காளிங்கள ஒக்கார வெச்சு, "உங்க அசதி எப்பிடி?"ன்னு பேச விட்டுக் கேட்டாங்க. 2005ல அது அச்சுல வந்துச்சு. அசதி வந்தா ஆள அமுக்கிப் போடுது, நம்ம சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது, இத யாரும் கண்டுக்கிறதில்லன்னு சொன்னாங்களாம். அந்த மூணாவது இருக்குதே, அது உன்னப் பாத்துச் சொன்னது மாப்ள!

அடுத்த வருசம், 2006ல, மால்டாத் தீவுல ஓமராக்ட்டுங்குற கூட்டத்துல மூட்டு டாக்டருங்களும் சீக்காளிங்களும் ஒண்ணா ஒக்காந்து, இனி ஆராய்ச்சியில முடிஞ்ச மட்டும் அசதியையும் அளக்கோணும்னு முடிவு பண்ணாங்க. 2010ல பிரிஸ்டல்காரங்க 20 கேள்வியில ஒரு பாரத்த வெளியிட்டாங்க. ஏழு நாள்ல எத்தன நாள் அசதி, வந்தா எத்தன நேரம் நிக்கிது, துணி உடுத்த முடிஞ்சுதா, கூப்பிட்ட எடத்துக்குப் போக முடியாமப் போச்சா, மறதி வந்துச்சா, மனசு சோந்துச்சான்னு கேக்கும். மொத்தம் 70 மார்க்கு. கூட வாங்குனா கூட அசதி. ஃபேசிட்டுன்னு இன்னொரு பாரம், 13 கேள்வி, 52 மார்க்கு. அதுல கொறைய வாங்குனாத்தான் அசதி கூட! படிச்சவங்க வேலையப் பாத்தியா? எந்தப் பாரம்னு கேக்காம மார்க்க மட்டும் பாத்து நீ சந்தோசப்பட்டுராத.

பிரிஸ்டல் பாரத்துல ஷவர்ல குளிக்கிறதப் பத்திக் கேக்கறாங்க. நம்மூட்ல ஷவரு ஏது, தண்ணி தூக்குறதே ஷவருதான். கை கால் எவ்வளவு ஓடுதுன்னு பாக்குற இன்னொரு பாரத்த டெல்லி எய்ம்ஸ் டாக்டருங்க நம்ம நாட்டுக்குத் தக்கன மாத்தி 2002ல போட்டாங்க. சம்மணம் போட்டு ஒக்கார முடியுதா, மூணு கிலோமீட்டர் நடக்க முடியுதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடியுதான்னு கேட்டாங்க. புத்திசாலிங்க. அந்தத் தெசையில போனா, நம்ம வாழப்பாடிக்காரிகிட்ட கேக்குறதுக்குக் கேள்வி நானே தருவேன். பாக்கு உரிக்க ஒக்காந்தவ எப்ப எந்திரிச்சுப் போனா? தக்காளி பறிக்கையில எத்தனாவது சாலுல வரப்புல ஒக்காந்தா? ராத்திரி சோறு வடிக்கையில அடுப்புப் பக்கத்துலயே சாஞ்சுட்டாளா? போன வாரம் பங்காளி வூட்டுச் சீருக்கு ஏன் வல்ல?

வெள்ளக்காரங்க கணக்குலயும் வெறும் மருந்துல இந்த அசதி முழுசாப் போகல. வெல கூடுன ஊசிங்க எல்லாத்தையும் சேத்து 2016ல ஒரு பெரிய அலசல் பண்ணி, அசதி கொஞ்சம் கொறையுது, ரொம்ப இல்லன்னு எழுதிட்டாங்க. 2022ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில 367 பேரு. அதுல ஒரு பகுதிக்கு ஆளுக்குத் தக்க ஒடற்பயிற்சியும், இன்னொரு பகுதிக்கு மனசுக்கான பேச்சும் போன்லயே சொல்லிக் குடுத்தாங்க. ஒரு வருசம் கழிச்சும் பலன் நின்னுது. நடன்னு நீ வெரட்டுறதுக்குப் பேரு பயிற்சி இல்ல, அதையும் சேத்து ஞாபகம் வெச்சுக்க.

அடுத்த தடவ சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போறப்ப, டாக்டரு "எப்பிடிம்மா இருக்கு?"ன்னு கேட்டா, நீ முந்திக்கிட்டு "பரவால்லைங்க"ன்னு சொல்லாத. உனக்குப் பரவால்ல, யாரு இல்லேன்னா? அவளும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே "பரவால்லைங்க"ம்பா, டாக்டரும் பரவால்லன்னு எழுதிருவாரு. அதனால வாசல்வரைக்கும் போ, பைய அவ கையில குடு, நீ வெளிய நில்லு. அங்க நல்ல டீக்கடை இருக்குது. ஆனா அங்க ஒக்காந்து ஆரம்பிச்சுராத, மாப்ள, சேலத்து டீயும் தெகிரியம் குடுக்கும்.