சோறும் சட்டமும்

கேள்வி: சிப்பிப்பாறை நாய் வளர்ப்பில் தேர்ந்தவர் என்று யாரைச் சொல்வது?

பதில்: விலா எலும்பு தெரிய நிற்கும் நாயைக் கண்டு, "சோறே போடுவதில்லையா?" என்று கேட்கும் விருந்தாளிக்கு அஞ்சிக் கூடுதல் கவளம் வைக்காதவரை முதலில் சொல்லலாம்; ஏனெனில், மோப்பத்தைவிடப் பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி இரையைத் துரத்தும் இவ்வினத்துக்குக் கொழுப்பு வெறும் சுமையே. சோடி சேர்க்குமுன் தாய், தந்தை, பாட்டன் வரை விசாரித்து, நெருங்கிய இரத்த உறவைத் தவிர்ப்பவர் அடுத்தவர். தம் வீட்டுக் கல்யாணத்தில் அவர் இவ்வளவு துருவியிருக்கமாட்டார். வெள்ளை ராஜபாளையம் என்னும் வேறு இன நாயை வளர்ப்பவராயின், அவ்வினத்தில் பிறவிச் செவிடு உண்டென்பதால், குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தபின்பே விலை பேசுவார். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகையால், முயலைக் கண்டு பாயும் நாயை ஒரே சீழ்க்கையில் திருப்புவதே இன்றைய திறமை. திரும்பாவிட்டால் வழக்கு நாயின் மீதன்று, உரிமையாளர் மீதே பாயும்.