‘இதைக் கேட்டிருக்கியா?’: காஞ்சிபுரத்து ஒலிப்பதிவுப் பரிமாற்றம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

காஞ்சிபுரத்தில் ஆராய இனி ஒன்றும் பாக்கியில்லை என்றே அறிஞர்கள் நினைக்கிறார்கள். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் முதல் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் விழும் மிளகு வரை எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் இவ்வூரில் ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரை வழிமறித்து, “இதைக் கேட்டிருக்கியா?” என்று கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ‘ஆமாம்’ என்று சொன்னாலும் தப்ப முடியாது, ‘இல்லை’ என்று சொன்னாலும் தப்ப முடியாது என்பதுதான் இத்துறையில் இதுவரை நிறுவப்பட்ட ஒரே உண்மை. ‘ஆமாம்’ என்றால், “எந்த வருஷத்துப் பதிவு?” என்று குறுக்கு விசாரணை தொடங்கும். ‘இல்லை’ என்றால் உட்கார்ந்து முழுதும் கேட்டாக வேண்டும். அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2. களமும் முறையும்

பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகள், சின்ன காஞ்சிபுரத்துத் திண்ணைகள், இரண்டுக்கும் நடுவிலுள்ள தேநீர்க் கடைகள் ஆகியவை ஆய்வுக் களங்கள். தகவலாளர்களுக்குத் தேநீர் வாங்கித் தரப்பட்டது. இதனால் முடிவுகள் சாயவில்லை, நீண்டன. கர்நாடக சங்கீதக்காரர், மேற்கத்திய செவ்வியல்காரர், ராக் இசைக்காரர் என்று தகவலாளர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். மூவரும் ஒருவரையொருவர் ‘காது இல்லாதவர்’ என்றே குறிப்பிட்டார்கள்.

3. வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது; பாடகி கௌஹர் ஜானின் குரல் அப்போதே பதிவானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரத்துக் குரலும் தட்டேறிவிட்டது. அது காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். எனவே ரசிகரின் பொறுமையும் மூன்று நிமிடமாக வகுக்கப்பட்டது. 1913-இல் ஆர்தர் நிக்கிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுதாகப் பதிந்தபோது அது எட்டுப் பக்கங்களைப் பிடித்தது. பீத்தோவனைக் கேட்பவர் இடையிடையே எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டியிருந்ததால், செவ்வியல் இசை உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை அக்காலத்தில் தோன்றியிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். நாகஸ்வரத்தில் இரவெல்லாம் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தோடியைத் தட்டின் இரு பக்கங்களுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. மிச்சத்தைக் கேட்டவர்கள் தாங்களே வாயால் நிரப்பிக் காட்டத் தொடங்கினார்கள். ரசிகர்களுக்குள் பேச்சு நீண்டது இப்படித்தான்.

1948-இல் வந்த நெடுந்தட்டு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தந்தது. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. பின்னாளில் ஊர்தோறும் ‘ரெக்கார்டிங் சென்டர்’ முளைத்தது. ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால், நம் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசியில் நாடா மிஞ்சினால் அதை வீணாக்க மனம் வராமல் கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். விளைவு: பைரவி ராகம் முடிந்ததும் ஒரு டூயட் தொடங்காவிட்டால் ஏதோ குறைகிறது என்று கருதும் தலைமுறை ஒன்று இன்றும் நம்மிடையே வாழ்கிறது.

4. வகைப்பாடு

பகிரப்படும் பதிவுகள் மூன்று இனங்களாகப் பிரிகின்றன.

முதலாவது, அலமாரி இனம். காசு கொடுத்து வாங்கிய தட்டு, கேசட், குறுந்தகடு ஆகியவை இதில் அடங்கும். அட்டை கசங்காமல் இருக்கும். கடனாகத் தரப்படாது, தூரத்திலிருந்து காட்டப்படும். சில தட்டுகள் அத்திவரதரைப் போல நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வெளியே வரும். அப்போதும் தரிசனம் மட்டும்தான், தொடக் கூடாது.

இரண்டாவது, இருமல் இனம். யாரோ சபாவின் மூலையில் உட்கார்ந்து தாமே பதிந்த கச்சேரி. இதில் பாட்டு, பக்கவாத்தியம், இருமல் ஆகிய மூன்றும் சம அளவில் கேட்கும். சந்தையில் கிடைக்காது என்பதால் மதிப்பு மிக அதிகம். தகவலாளர் ஒருவர் ஒரு காம்போதியை நிறுத்தி, “இப்ப இருமறது எங்க பெரியப்பா” என்றார். பாட்டு மறுபடி ஓடியது. அவர் இரண்டாம் இருமலுக்காகக் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ராகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது, இல்லாத இனம். இதுவே உயர்ந்தது. ஏழாம் பகுதியில் காண்க.

5. தறியும் தாளமும்: ஒரு கள ஆய்வு

கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழியில் கால் வைத்து நெசவாளர் உட்கார்ந்திருப்பார். கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் இருப்பார். ஆள் இரண்டு, செல்போன் ஒன்று. மேற்கத்திய நாடுகளில் இசைப் பகிர்வு விருப்பத்தின் பேரில் நடக்கிறது. காஞ்சிபுரத்தில் அது உற்பத்தி முறையின் நிர்ப்பந்தம்.

ஆய்வுக்கு உட்பட்ட தறியில் தந்தை நெய்தார், மகன் உதவினார். தந்தை எம்.டி. ராமநாதன் கட்சி. மகன் லெட் ஸெப்பலின் கட்சி. முதல் முறை தந்தையின் தேர்வு ஓடியது. ராமநாதனின் விளம்ப காலம் உலகறிந்தது. பலகை அடிக்கும் ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. “இப்படியே போனா முகூர்த்தச் சேலை சீமந்தத்துக்குத்தான் போகும்பா” என்றான் மகன்.

அடுத்து மகனின் தேர்வு. 1971-இல் வந்த ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எட்டு நிமிடப் பாட்டு. மெல்லிய கிட்டாரில் தொடங்குகிறது. நான்கு நிமிடம் தாண்டித்தான் டிரம்ஸ் உள்ளே வரும். பிறகு வேகம் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் தந்தை, “பரவால்லடா, விருத்தம் மாதிரி இருக்கு” என்று ஒப்புக்கொண்டார். டிரம்ஸ் வந்ததும் அவருடைய கால் தன்னையறியாமல் மிதியை வேகமாக அழுத்தியது. ஆறாம் நிமிடத்துக்கு மேல் பட்டிழை ஒன்று அறுந்தது. அதை முடிச்சுப் போட்டுச் சேர்த்தபடியே, “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா தறி மேல வெச்சுக் கேக்கற பாட்டு இல்ல” என்று தீர்ப்பளித்தார். ராக் இசை விமரிசனத்தில் இழையின் இழுவலிமையை அளவுகோலாகக் கொண்ட முதல் கருத்து இதுவாகவே இருக்கும்.

இறுதியில் இருவரும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டில் (1986) சமாதானமானார்கள். அது தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பிக்கப்பட்ட தொகுப்பு. ஆனால் சமாதானம் முதல் பாடல் வரைதான் நீடித்தது. அதில் வெல்வது தியாகராஜரா பாகா என்று அடுத்த சண்டை தொடங்கியது.

6. பரிமாற்றத்தின் பொது விதிகள்

கட்சி வேறுபாடின்றி எல்லாரும் பின்பற்றும் விதிகள் இவை.

முதல் விதி: பகிர்பவர் கேட்க விடமாட்டார். மிகச் சிறந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால், “இப்ப பாரு, இப்ப பாரு” என்பார். அந்த இடம் அவர் குரலுக்கு அடியில் கடந்து போய்விடும். “பாத்தியா?” என்பார். தலையாட்ட வேண்டும்.

இரண்டாம் விதி: எந்தப் பதிவுக்கும் அதைவிடச் சிறந்த முந்தைய பதிவு ஒன்று உண்டு. கர்நாடகக் கட்சியில் ஜி.என்.பி.யைப் போட்டால், “இதே பாட்டை இன்னும் சின்ன வயசுல பாடினதைக் கேக்கணும்” என்பார்கள். செவ்வியல் கட்சியில் கரயான் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைப் போட்டால், 1951-இல் பைராய்த் நகரில் பூர்ட்வெங்லர் நடத்தியதை எடுத்து வீசுவார்கள். ராக் கட்சியில் டீப் பர்ப்பிளின் ஸ்டூடியோ பதிவைப் போட்டால், 1972-இல் ஜப்பான் மேடைகளில் பதிந்ததே பதிவு என்பார்கள்.

மூன்றாம் விதி: கடன் போன கேசட் திரும்பாது. கேசட்டின் மேல் ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் பதியலாம் என்ற அறிவும் ஊரில் பரவியிருந்தது. பல அரிய ஆலாபனைகளின் மேல் இன்று குழந்தைகளின் பிறந்தநாள் மழலை இருக்கிறது.

நான்காம் விதி: வாட்ஸப்பில் வந்த இணைப்பை யாரும் கேட்பதில்லை. “சூப்பர் சார்” என்ற பதில் நாற்பது நிமிடப் பல்லவி வந்து சேர்ந்த அரை நிமிடத்தில் போய்விடும். திருப்பித் தர வேண்டாத பொருளுக்கு மதிப்பு இருக்காது என்ற பொருளாதாரக் கோட்பாடு இதனால் உறுதிப்படுகிறது.

7. நயினாப் பிள்ளைத் தேற்றம்

இரண்டாம் விதியின்படி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும்? எல்லா ஊர்களிலும் பதிவாகாத ஒருவரிடம் போய் நிற்கும். நியூ ஆர்லியன்ஸின் ஜாஸ் ரசிகர்களுக்கு அவர் பட்டி போல்டன். அவர் ஊதியது உருளை ஒன்றில் பதிவானதாகச் சொல்கிறார்கள். அந்த உருளை இதுவரை கிடைக்கவில்லை. செவ்வியல் கட்சியில் இசைக்குழு நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கே இருக்கிறார். பதிவு செய்த இசை இசையே அல்ல என்று ஒலித்தட்டுகளை ஒதுக்கியவர். ஆனால் 1996-இல் அவர் மறைந்த பிறகு கச்சேரிப் பதிவுகள் பெட்டி பெட்டியாக வெளிவந்துவிட்டதால் அக்கட்சியின் துருப்புச் சீட்டு வலுவிழந்தது.

காஞ்சிபுரத்தின் துருப்புச் சீட்டு வலுவிழக்காது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934), தட்டில் பாடிய அதே தனகோடி அம்மாளின் சகோதரி மகன். லயத்தில் சிங்கம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ‘புல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். ஒலித்தட்டு யுகத்தின் நடுவிலேயே வாழ்ந்தும் அவர் குரலில் ஒரு தட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. எனவே தேற்றம்: காஞ்சிபுரத்தில் எந்த இசை வாக்குவாதமும் நயினாப் பிள்ளையின் பெயரைச் சொல்லும் கணத்தில் முடிந்துவிடும்.

இத்தேற்றம் ஒரு தேநீர்க் கடையில் சோதிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஓர் இளைஞர் தம் போனில் ‘போஹிமியன் ராப்சடி’யைப் போட்டுக் காட்டினார்.

“நல்லா இருக்கு தம்பி. ஆனா நயினாப் பிள்ளை லயத்துக்கு முன்னால நிக்குமா?”

“சார் அவர் பாடிக் கேட்டிருக்கீங்களா?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாரேப்பா. எங்க தாத்தா கேட்டிருக்கார். கையில தாளம் போட்டுக் காட்டுவார் பாரு, அடடா!”

“அப்ப நீங்க கேட்டது உங்க தாத்தாவை சார்.”

கடையில் சற்று நேரம் பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆசிரியர் கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஆமாம்பா. தாத்தாதான் ரெக்கார்டு” என்றார். தாத்தா போட்ட அந்தப் பல்லவித் தாளத்தைப் பெஞ்சின் மேல் போட்டும் காட்டினார். இளைஞர் இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை பிடித்துக்கொண்டார்.

தேற்றத்துக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இல்லாத இனம் உண்மையில் இல்லாததல்ல. அது ஆட்களில் பதிவாகிறது. 1919-இல் பிறந்து, காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள், பெண்கள் மேடையில் பல்லவி பாடுவது வழக்கமில்லாத காலத்தில் பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். நயினாப் பிள்ளையின் மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரல் பதிவுகளில் இருக்கிறது. தட்டில் ஏறாதவரை இன்று கேட்க வேண்டுமானால் அவரைக் கேட்டவர்களைக் கேட்க வேண்டும். “இதைக் கேட்டிருக்கியா?” என்பவர் நீட்டுவதும் அதைத்தான். கேசட்டோ இணைப்போ ஒரு சாக்கு; கேட்டபோது தமக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் அவர் நமக்குப் பிரதியெடுத்துத் தரப் பார்க்கிறார். “இப்ப பாரு” என்று குறுக்கே பேசுவதும் அதனால்தான். முதல் விதிப்படி நடப்பவர்கள் என்று இதுவரை கண்டிக்கப்பட்ட அனைவரும் இத்துடன் விடுவிக்கப்படுகிறார்கள்.

8. பரிந்துரைகள்

அ. இணைப்பை அனுப்புபவர் பக்கத்திலேயே வந்து உட்கார வேண்டும். முடியாதவர் அனுப்பக் கூடாது.

ஆ. தறியில் டிரம்ஸ் வரும் இடத்தைப் பட்டிழைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இ. பெரியப்பாக்களின் இருமலை ‘ஒலிச் சுத்திகரிப்பு’ என்ற பெயரில் நீக்குவது தடை செய்யப்பட வேண்டும்.

ஈ. கடன் வாங்கிய கேசட்டுகளை உரியவரிடம் ஒப்படைக்கப் பொது மன்னிப்புக் காலம் ஒன்று அறிவிக்கப்பட வேண்டும். இக்கட்டுரையாளர் ஆய்வின் பொருட்டுப் பெற்றுள்ள கேசட்டுகள் ஆய்வு முடிந்ததும் திருப்பித் தரப்படும். ஆய்வு எப்போது முடியும் என்பது தனி ஆய்வுக்குரியது.