பிரேக் போட்டால் உதறல்

ஐம்பதைத் தாண்டிய ஆணின் கை நடுங்கினால் குடும்பம் சந்தேகப்படுவது சர்க்கரையைத்தான். எங்கள் கார் சேலம் பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன். ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. பக்கத்தில் இருந்த மனைவி ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். “காலைல மாத்திரை போட்டீங்களா?” என்றாள்.

பரிசோதனைக் கூடத்தில் என் ரத்தம் எடுக்கப்பட்ட பிறகுதான் காருக்கு முறை வந்தது. நம் ஊரில் காருக்கு நோய் வந்தால் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, “அது ஏபிஎஸ் சார். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம். வேலை செய்யுதேன்னு சந்தோஷப்படுங்க” என்றார். ஏபிஎஸ் வழுக்கும் ரோட்டில் சடன் பிரேக் அடித்தால் பெடலில் தடதடக்கும். காய்ந்த ரோட்டில் மெல்ல மிதித்ததற்கெல்லாம் வராது. இது எனக்குத் தெரியாததால் கொஞ்ச காலம் சந்தோஷமாகவே இருந்தேன். மச்சான், “ஏற்காட்டிலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறக்கினீங்களே மாமா, அன்னைக்கே நினைச்சேன்” என்றான். நினைத்ததை அன்றைக்கே சொல்லாதது அவன் பண்பு. வாட்ச்மேன், பூஜையில் வைத்த எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்றார். எதையும் கழற்றச் சொல்லாத ஒரே யோசனை அதுதான். பழத்தை நசுக்கினேன். உதறல் நசுங்கவில்லை.

அடுத்து வீல் அலைன்மென்ட், பேலன்சிங். கம்ப்யூட்டர் எல்லா எண்ணையும் பச்சை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது. அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தேன். பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாமல் போகும்போதே, 80-லிருந்து 100-க்குள் ஆட்டம் காட்டும். எங்கள் வண்டியோ பிரேக் போட்டால் மட்டும் உதறியது. ஆனாலும் பச்சைச் சான்றிதழோடு உதறும் வண்டியை ஓட்டுவதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்தது.

அப்புறம் புது பிரேக் பேட். கொஞ்ச நாள் அமைதி. மறுபடி பழைய கதை. கோணலான டிஸ்க்கின் மேல் புதுப் பேடை வைத்தால், பேடும் சீக்கிரமே டிஸ்க் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கடைசியில் தகரக் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கம்ப்யூட்டரும் இல்லை, ஏசியும் இல்லை. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்விதான் கேட்டார். “சும்மா ஓடும்போது உதறுதா?” இல்லை. “உதறல் ஸ்டியரிங்ல வருதா, சீட்ல வருதா?” இத்தனை காலமும் இரண்டையும் தினமும் பயன்படுத்தியவன், பதில் சொல்ல யோசித்தேன். ஸ்டியரிங் என்றால் முன்சக்கரம், சீட்டும் இடுப்பும் என்றால் பின்சக்கரம் என்றார். ஆளில்லாத ரோட்டில் மெதுவாகப் போகச் சொல்லி, பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாக இழுத்தார். எங்கள் காரில் அது பின்சக்கர டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். உதறல் இல்லை. ஆகவே குற்றவாளி முன்னால்.

ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தார். பால் ஜாயின்ட், டை ராட் எதிலும் பிளே இல்லை. காலிபர் பின் தடையில்லாமல் நகர்ந்தது. டிஸ்க்கில் டயல் கேஜை வைத்துச் சுற்றியதும் முள் நடனமாடியது. “டயரை எப்ப சார் கழட்டி மாட்டுனீங்க?”

டயரை முன்பின் மாற்றிப் போட்டபோது, ஒரு கடையில் காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ரென்று நட்டை முடுக்கினார்கள். அந்தச் சத்தத்தின் மிடுக்கில் மயங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நட்டு மூச்சு முட்ட இறுகும், அடுத்தது பேருக்கு நிற்கும். டிஸ்க் துளி சாய்ந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க் ஒரே இடத்தில் பேடை உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அதன் பருமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. தடித்த இடம் வரும்போது பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும். என் கைக்கு வந்த நடுக்கம் இதுதான்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று சிக்கன புத்தியோடு கேட்டேன். அதற்குக் கீழே தேயக் கூடாது என்ற அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பதைக் காட்டினார். எங்களுடையது அந்த எல்லையை நெருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புதுப் பேட். ஹப்பின் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில் புத்தகம் சொன்ன அளவுக்கு முடுக்கினார்.

புது டிஸ்க்கும் பேடும் பழக வேண்டுமாம். 50-லிருந்து 10 வரை வேகத்தைக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடியும். சூட்டோடு நிறுத்தி பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நிற்கவும் கூடாது. எங்கள் தெருக்கோடி ரோட்டில் போவதும் தயங்குவதும் திரும்புவதுமாக இருந்தேன். “சார் இப்பத்தான் ஓட்டப் பழகுறாரு” என்று வாட்ச்மேன் குடியிருப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறார். பலரும் வாழ்த்தினார்கள்.

ஆகவே வாசகரே, உதறும் பிரேக்கோடு ஊர் சுற்றாதீர்கள். எப்போது உதறுகிறது, எங்கே உதறுகிறது, கடைசியாக யார் டயரைக் கழற்றியது என்று மூன்றையும் கவனித்து வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். டயர் கடையில் கடைசி முடுக்கைத் துப்பாக்கிக்கு விடாமல் டார்க் ரெஞ்சில் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் டீ குடிக்கப் போகாதீர்கள்.