தொகுதிப் பண்டிதர்

கிராமத்துக்கு ஒரு ஜோசியர் வாய்ப்பதுபோல், சென்னையின் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தொகுதிப் பண்டிதர் வாய்க்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, பஞ்சாங்கம் இருக்கவேண்டிய மாடத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, திண்ணையில்லாத குறைக்கு மாடிப்படியில் அமர்ந்திருக்கும் இந்த மகானிடம், "நம்ம எம்.எல்.ஏ. யாரு, மாமா?" என்று கேட்டு வருபவர்கள் ஒரு பெயரை நாடி வந்து ஒரு சரித்திரத்தோடு திரும்புவார்கள்.

வளசரவாக்கத்துப் பண்டிதரிடம், ஓர் இளைஞன், தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் முறையிடுவது என்று கேட்டானென்று வைத்துக்கொள்வோம்.

"பதறாதே தம்பி, நீ யாருடைய பிரஜை என்று முதலில் நிச்சயிப்போம். சட்டசபைக்கு 234 தொகுதி, லோக்சபைக்கு 39; ஆறுக்கு ஒன்று, வாய்ப்பாடு சரிதானே? மாநகராட்சிக்கு நாம் சென்னைவாசிகள். 200 வார்டுகளில் ஒன்று நம்முடையது. கோட்டைக்குப் போனாலோ மதுரவாயல்காரர்கள். 2008-இல் எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது பிறந்த தொகுதி அது. டில்லிக்குப் போனால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள்! உடையவர் ராமானுஜர் அவதரித்த ஸ்தலம். நம் பூர்வ புண்ணியம். ராஜ்யசபையில் நம் மாநிலத்துக்கு 18 பேர் உண்டு; அவர்களுக்குத் தெருவும் கிடையாது, பேட்டையும் கிடையாது, அத்வைதிகள்!"

சட்டமன்றத் தொகுதியின் பெயர் அவனுடைய வாக்காளர் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது என்பதைப் பண்டிதர் மறந்தும் சொல்வதில்லை. ஜாதகத்தைத் தானே படிக்கத் தெரிந்தவன் ஜோசியரைத் தேடி வருவானா?

"விளக்கு, மாமா?"

"அது கவுன்சிலர் விவகாரம். ஆனால் வார்டு எல்லை தெருவின் நடுவே ஓடுகிறதா, ஓடினால் கம்பம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஆராயவேண்டிய சங்கதி."

ஆராய்ச்சி இரண்டு நாள் நடந்தது. இதற்கிடையில், வார்டு எண்ணும் அறியாத, தொகுதியும் அறியாத முனை இட்லிக்கடை ஆயா, பேரனை விட்டு மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு ஒரு போன் போடவைத்தாள். ஏணியோடு ஆள் வந்தான், விளக்கு எரிந்தது.

அன்றிரவு இளைஞன் அவ்வழியே வந்தபோது, பண்டிதர் அந்த வெளிச்சத்தின் கீழ் நாற்காலி போட்டுக்கொண்டு, வரைபடத்தை மடியில் விரித்து, கம்பம் எந்த வார்டைச் சேர்ந்தது என்று நிம்மதியாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.