கடலோரத்து அணி கோப்பையைத் தொடுமா?

கேள்வி: ராமேஸ்வரம் மாதிரி ஒரு கடலோரச் சின்ன ஊரின் கால்பந்து அணி, தேசியக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை போக முடியுமா? சும்மா ஆசை காட்டாதீர்கள்!
– பாம்பன் வாசகர்

பதில்: போயிருக்கிறதே! தனுஷ்கோடிக்குத் தலைமன்னார் எப்படியோ, பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு இங்கிலாந்து அப்படி. நடுவில் முப்பது சொச்சம் கிலோமீட்டர் கடல். (அங்கே 1994 முதல் கடலுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. இங்கே பேச்சு ஓடுகிறது.) 1999-2000 பிரெஞ்சுக் கோப்பையில், நான்காம் பிரிவில் ஆடிய அந்த ஊர் அமெச்சூர் அணி லில், கான், ஸ்ட்ராஸ்பூர் என்று வரிசையாகக் கவிழ்த்தது. அரையிறுதியில், முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன் போர்தோவுக்குக் கூடுதல் நேரத்தில் விழுந்த அடி 3-1. பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து பந்து உதைத்தவர்கள் ஐயா! 2000 மே 7 அன்று இறுதிப் போட்டியில் நான்ட் அணிக்கு எதிராக முதல் கோல்கூட இவர்களுடையதுதான். கடைசி நிமிடப் பெனால்டியில் 2-1 என்று போயிற்று. நான்ட் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனையும் கூப்பிட, இருவரும் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினார்கள். உங்கள் ஊர் மைதானமாக இருந்திருந்தால், பெனால்டி கொடுத்த நடுவருக்குத் தலைமன்னாருக்கு ஒரு படகு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.