சாம்பல் நிறத்துக் கில்லாடி

கேள்வி: பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் எல்லோரும் நாரை, கொக்கு என்று கேமராவைத் திருப்புகிறார்கள். அங்கேயே மிதக்கும் கருவால் வாத்தை யாரும் சீண்டுவதில்லையே, ஏன்?

பதில்: கல்யாண வீட்டுக்குக் கதர்ச் சட்டையில் வந்தவரை யார் போட்டோ எடுக்கிறார்கள்! ஆணின் உடம்பு சாம்பல், பின்புறம் கறுப்பு, அவ்வளவுதான் அலங்காரம். பைனாகுலரில் பார்த்தால்தான் மார்பில் செதில் செதிலாக ஓடும் நுண்ணிய கோலம் தெரியும். பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று ஒரு வெள்ளைச் சதுரம்.

ஆனால் ஆள் சாது என்று நினைத்துவிடாதீர்கள். இது பெரும்பாலும் தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் ஜாதி. ஆழத்தில் இருக்கும் பாசிக்கு என்ன செய்யும்? நாமக்கோழி என்ற நீர்ப்பறவையின் பக்கத்தில் போய் நிற்கும். அது மூச்சைப் பிடித்து முங்கி, நீர்த்தாவரத்தை மேலே கொண்டு வந்ததும் அலகிலிருந்தே பறித்துக்கொள்ளும். நாமக்கோழிக்கே நாமம்!

குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து நம் நாட்டுக்கு வரும் விருந்தாளி இது. மார்ச்சுக்குள் போய்ப் பாருங்கள். நாமக்கோழிக் கூட்டத்தைத் தேடினால் போதும், திருடன் பக்கத்திலேயே இருப்பான்.